சாமி வராமல் சொன்னது

சேக்காளி,

உன் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை இன்று மத்தியானம் வாளியில் ஊறப்போட்டேன். ஏலக்காட்டுக்குப் போகிற பெண்கள் எல்லோரையும் போல நீயும் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொண்டுதானே மலை ஏறுவாய். நீ போன பிறகு உன் மகள் ஈஸ்வரி அதைப் போட்டுக்கொண்டிருந்தாள், போன வாரம் அவள் கழற்றிப்போட்டதை நான் எடுத்து வந்திருந்தேன். தண்ணீர் பட்டதும் முதலில் ஏலக்காய் மணந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு அடியிலிருந்து மருந்து நெடி எழும்பி வந்து தொண்டையைப் பிடித்தது. பூச்சிக்கு அடிக்கிற மருந்து. சட்டையை அப்படியே போட்டுவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஈஸ்வரி இன்று வேறு சட்டை போட்டுக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள். நேற்று மருந்து அடித்த காட்டுக்கு. அவள் முழுகாமல் இருப்பது உனக்குத் தெரியாது, நீ போய்ச் சேர்ந்த பிறகு உண்டானது. போன வாரமும் இப்படித்தான் மருந்து அடித்த மறுநாள் போனாள். ஏலத்தட்டைக்கு அடியில் குனிந்து காய் எடுத்தவள் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டாள். வாயில் எச்சில் வடிய, கைகால் வெட்டி வெட்டி இழுக்க, ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். இன்று அவளைப் போகவிடாமல் தடுக்க எனக்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியில் நான் போகவில்லை. செய்தது சரியா தப்பா என்று கேட்க உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. செத்தவளுக்குக் கடிதம் எழுதுகிறாயே, தபால்காரர் எந்த வாசலில் கொண்டுபோய்ப் போடுவார் என்று கேலி செய்வாய். செய். படிக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒரு சொல் உண்டே, ‘அடிச்சிருச்சு.’ வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், மலையில் மருந்து அடிப்பார்கள், முனி அடிக்கும். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தோம். நீதான் ஒரு நாள் அதைப் பிடித்து நிறுத்தினாய்.

முந்தல் தாண்டி, போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் காய் எடுக்கும்போது பேச்சியக்கா விழுந்துவிட்ட பேச்சுதான் வண்டி முழுக்க. மலை முனி அடிச்சிருச்சு, உச்சி வேளையில் தலைமுடியை விரித்துப் போட்டிருந்தாள், அதுதான் அடிச்சிருச்சு என்றார்கள். நீ மறுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாய்.

“சரித்தா, முனி அடிச்சிருச்சு. அதுக்கு மொத நாளு அந்தக் காட்டுல வேற யாராச்சும் எதையாச்சும் அடிச்சாங்களா?”

பின்னாலிருந்து ஒருத்தி, “மருந்து அடிச்சாங்க” என்றாள்.

“போன மாசம் விழுந்தாளே, அவ எங்க விழுந்தா?”

“பள்ளத்துக் காட்டுல.”

“அங்க?”

“அங்கயும் அடிச்சிருந்தாங்க.”

“அப்ப நம்ம முனி, மருந்தடிக்கிறவன் பின்னாடியேதான் வருது போல. டியூப்பு பிடிக்கிற ஆளுக்குத் தொணையா இருக்குமோ?”

ஜீப்பே சிரித்தது. ஓட்டுகிறவரும் சிரித்து வளைவில் கொஞ்சம் அகலமாகத் திருப்பிவிட்டார், நாம் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு கிழவி கேட்டாள், “அப்ப ஓடைக்கரையில விழுந்தாளே நம்ம சின்னத்தாயி? அங்க மருந்தே அடிக்கலையேடி.”

எனக்குப் பதறியது. இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்ததைக் கிழவி ஒரே போடாகப் போட்டுவிட்டாளே என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ யோசித்துவிட்டு, “அது எனக்குத் தெரியலத்தா” என்றாய்.

“அப்ப அது முனிதானே?”

“தெரியலன்னா தெரியலன்னே இருக்கட்டும். தெரியாததுக்கெல்லாம் முனின்னு பேரு வச்சிட்டா, அப்புறம் யாரும் என்னன்னு தேட மாட்டாங்க.”

அன்று உன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கேயும் அடித்திருந்தார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் கிழவி வாயை மூடியிருப்பாள். இறங்கி நடக்கும்போது இதை உன்னிடம் கேட்டேன். “அவ நாளைக்குப் போயி விசாரிச்சா?” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு போனாய். உனக்கும் எனக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, பத்தாம் வகுப்பில் இரண்டு பேரும் ஒன்றாகவே கணக்கில் கோட்டை விட்டோம். இந்தப் புத்தி உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மருந்து என்ற பேரையும் நீ விடவில்லை. மலையாளத்துச் சூப்பர்வைசர், “ஒரு குழப்பவும் இல்லா, மருந்தல்லே”, ஒன்றும் ஆகாது, மருந்துதானே என்று சொன்னபோது, “நோவுக்குக் குடுத்தா மருந்து சாரே, பூச்சியைக் கொல்லக் குடுத்தா அதுக்கு என்ன பேரு?” என்று கேட்டாய். அவர் பதில் சொல்வதற்குள் அதே கிழவி, “பூச்சிக்கும் ஏதாச்சும் நோவு இருக்கும்டி” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தப்பித்துப் போய்விட்டார். ஆனால் அந்த வருஷம் முழுக்க நம் ஜீப்பில் ஏறிய பெண்கள், மருந்து அடித்த காடு எது என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை எடுத்தார்கள். அடித்த காட்டை நாலைந்து நாள் தள்ளிப் போடுங்கள், வேறு காட்டில் விடுங்கள் என்று ஒன்றாக நின்று கேட்டார்கள். சில நாள் விட்டார்கள், சில நாள் விடவில்லை.

என் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இன்று அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் மேல் காளியாத்தா இறங்குவாள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அடிவயிற்றில் ஒரு நடுக்கம் தொடங்கும், அது முழங்கால் வழியாக இறங்கிப் பிறகு தலைக்கு ஏறும். அப்புறம் என் வாயிலிருந்து வருவது என் குரல் இல்லை. மாமியார் என் காலில் விழுவாள். என்னை அடிக்கிற என் வீட்டு மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குடிக்காதே என்று காளியாத்தா சொன்னால் ஒரு மாதம் குடிக்க மாட்டார். நான் ஏமாற்றவில்லை சேக்காளி. நிஜமாகவே வந்தது.

நீ ஒருநாளும் அதைப் பழிக்கவில்லை. கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தபோது, அக்கறையாகத்தான் கேட்டாய், “அந்த நடுக்கம் மொதல்ல எங்க ஆரம்பிக்குது?” என்று. சொன்னேன். “அவரு கை நீட்டுற வாரம் வருதா, நீட்டாத வாரமும் வருதா?” என்றாய். எனக்கு முகத்தில் அறைந்தது போல் ஆகிவிட்டது. மீதிக் கஞ்சியைக் கொட்டிவிட்டு எழுந்துபோனேன். சாமிக் குத்தம், உன் நாக்கு அழுகிப்போகும் என்று சாபம்கூட விட்டேன். வெகுநாள் நாம் பேசவில்லை, ஜீப்பில் ஆளுக்கொரு மூலை.

பிறகு ஒரு நாள் நானே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணிப் பார்த்தேன், நீட்டுகிற வாரம்தான் வருகிறது என்றேன். நீ ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. “காளியாத்தா கேட்டா எல்லாம் நடக்குது. ஒருக்கா நீயாக் கேட்டுப் பாரேன்” என்றாய்.

நானாகக் கேட்டேன். கன்னத்தில் விழுந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நீ வந்து எங்கள் வாசலில் நின்றாய். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. “அண்ணே, அவ என்ன கேட்டான்னு காதுல விழுந்துச்சா?” என்று கேட்டாய். மறுபடி நான் கேட்டபோதும் வந்து நின்றாய். அதற்குப் பிறகும் நின்றாய். மனுஷனுக்கு அடிக்கிறதைவிட உனக்குப் பதில் சொல்வது பெரும்பாடாகிவிட்டது. சாமி எப்போது என்னைவிட்டுப் போனது என்று எனக்கே தெரியாது. போய்விட்டது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நீ போனது ஒரு காலை நேரம். துணி துவைக்கிற கல் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். இருதயம் என்று டாக்டர் சொன்னார். அத்தனை வருஷம் மருந்துக் காட்டில் நின்றதுதான் காரணமோ என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல உன் சாவை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முனியைப் பழித்தவளை முனி கொண்டுபோய்விட்டது என்று பதினாறாம் நாள் காரியத்திலேயே பேசினார்கள். உன் கேள்விகளையெல்லாம் உன்னோடு சேர்த்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஜீப்பில் இப்போது யாரும் எந்தக் காடு என்று கேட்பதில்லை. முழங்கால் போனதால் நான் மலை ஏறுவதை விட்டுவிட்டு, கீழே போடியில் ஒரு கடையில் ஏலக்காய் பொறுக்கப் போகிறேன். எட்ட நின்று சொல்வது யார் காதிலும் ஏறவில்லை.

போன வாரம் ஈஸ்வரி விழுந்ததும் நான் கத்திய கத்தலில்தான் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி போட்டார்கள், ராத்திரி வைத்திருந்தார்கள். மருந்து உடம்பில் ஏறியிருக்கிறது, பிள்ளை பிறக்கிறவரை அந்தப் பக்கமே போகாதே என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். மறுநாள் அவள் மாமியார் கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் உடுக்கையை அடித்துக் குறி பார்த்து, ஆத்தாக்காரி முனியைப் பழித்தது மகள் மேல் இறங்கியிருக்கிறது என்று சொல்லிக் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். ரெண்டு நாள் வீட்டில் படுத்திருந்தாள், தெளிந்துவிட்டாள். கயிறு வேலை செய்தது என்று தெருவே பேசுகிறது. ஊசி போட்ட இடம் ஆறிப்போயிற்று, கயிறு கையிலேயே இருக்கிறதே, கண்ணுக்குத் தெரிகிறதே. நீ இருந்தால், கயிறு கட்டின ரெண்டு நாளும் அவள் எங்கே இருந்தாள் என்று ஒரே கேள்வி கேட்டிருப்பாய். அதை நான் கேட்டேன். நீ கேட்கிற மாதிரி எனக்குக் கேட்க வரவில்லை. ஆத்திரத்தில் கத்தினேன். கேள்வி சண்டையாகிவிட்டது.

நேற்று மறுபடி மருந்து அடித்த சேதி வந்தது. மறுநாள் வேலைக்குப் போகத்தான் வேண்டும், போகாவிட்டால் ஜீப்பில் ஈஸ்வரி இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடும் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டாளாம். “அதான் கயிறு கட்டியிருக்குல்ல, இனி ஒண்ணும் பண்ணாது” என்றாளாம். கயிறு இல்லாமலிருந்தால் பயந்தாவது நின்றிருப்பாள். இந்தக் கயிறுதான் அவளைத் திரும்ப அங்கே அனுப்புகிறது.

சாயங்காலம் குழாயடியில் ஈஸ்வரி என் கையைப் பிடித்தாள். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“சித்தி, முன்னாடி உன் மேல காளியாத்தா வருவாளாம்ல. நாளைக்குக் காலையில எங்கம்மா உன் மேல வந்து, போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் போகல. அத்தையும் வாயைத் திறக்க மாட்டாங்க.”

“அப்ப உனக்கே போகப் பயமாத்தான இருக்கு? அதை நீயே சொல்லேன்.”

“நான் சொன்னா யாரு கேப்பா சித்தி?”

ஒரு காலத்தில் நான் காளியாத்தாவைத் தேடினேன், இவள் உன்னைத் தேடுகிறாள்.

காலையில் ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனேன். ஆடிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன், உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. எப்படி ஆட வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரியும். உயிரைக் காப்பாற்றுகிற பொய்யில் என்ன பாவம்? உன் நியாயமெல்லாம் நீ உயிரோடு இருந்தபோது சரி, இப்போது உன் மகள் சாகக் கிடந்தால் உன் நியாயமா வந்து தாங்கும்? வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். “வெரசா ஏறுங்கத்தா, மேல மழை இருக்கு” என்று டிரைவர் ஹாரன் அடித்தார். ஈஸ்வரி ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எதையும் தொடங்கவில்லை சேக்காளி. அதுவாக வந்தது. அடிவயிற்றில் அந்த நடுக்கம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, உடுக்கை இல்லாமல், பம்பை இல்லாமல். முழங்கால் ஆடியது, கை ஆடியது, பல் கிட்டியது. “வந்திருச்சு, வந்திருச்சு” என்று ஒருத்தி கத்தினாள். இரண்டு பேர் குலவை போட்டார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். ஈஸ்வரி இறங்கி ஓடி வந்து கைகூப்பி, “அம்மா” என்றாள்.

உன்னைக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டாள். அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. போகாதடி என்று உன் குரலில் சொன்னால் முடிந்தது.

நான் ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்தேன். தண்ணி குடுங்க என்றேன். யாரும் தரவில்லை, சாமிக்கு எப்படித் தருவது என்று நின்றார்கள்.

“நான்தான்” என்றேன். “உங்கம்மா இல்ல. அவ வர மாட்டா, அவ செத்துப்போயிட்டா. நான்தான் நடுங்குறேன். பயத்துல நடுங்குறேன். நீ அந்தக் காட்டுக்குப் போனா செத்துருவியோன்னு எனக்குப் பயமா இருக்கு ஈஸு. சாமி இல்லாமத்தான் சொல்றேன். போகாத.”

குலவை பாதியில் நின்றது. ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, வந்த சாமியை அமுக்கிட்டாளே, குடும்பத்துக்கு ஆகாது என்றாள். ஈஸ்வரியின் கைகள் கூப்பினபடியே இருந்தன. அவளுக்கு ஒரு நிமிஷம் அம்மா கிடைத்திருந்தாள், நான் பிடுங்கிக்கொண்டேன். திரும்பிப் போய் ஏறிக்கொண்டாள். ஜீப்பு கிளம்பிவிட்டது.

நான் ஆடியிருந்தால் இன்று நின்றிருப்பாள், அடுத்த வாரம் கோடாங்கி என்னைவிட நன்றாக ஆடிக்காட்டி அவளை மேலே அனுப்பியிருப்பார், அப்புறம் யார் ஆட்டம் பெரிது என்பதுதான் பேச்சாகியிருக்கும். இந்த நியாயமெல்லாம் ஜீப்பு போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. உன் குரலை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த நியாயத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வேன்? கடைக்கும் போகாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைப்பக்கம் மேகம் இறங்கிக் கிடக்கிறது. ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

இதுவரை எழுதியபோது போன் வந்தது. ஈஸ்வரிதான். மேலே சிக்னல் சரியாக இல்லை, விட்டு விட்டுக் கேட்டது.

“சித்தி, சூப்பர்வைசர்கிட்ட வேற காட்டுல விடுங்கன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“எதுக்குன்னு கேட்டாரு. முனியான்னு கேட்டுச் சிரிச்சாரு.”

“நீ என்ன சொன்ன?”

“முனி இல்ல சார், மருந்துன்னு சொன்னேன். பயமா இருக்குன்னு சொன்னேன்.”

“சித்திக்குப் பயமா இருக்குன்னா?”

“இல்ல சித்தி. எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன்.”

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்பதற்குள் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடிக்கிறேன், தொடர்பு கிடைக்கவில்லை. வேறு காட்டில் விட்டார்களா, அதே காட்டுக்குள் இறக்கினார்களா, எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்றே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நீ என்னமோ பழக்கிவிட்டுப் போய்விட்டாய். எவ்வளவு கொடுமையான பழக்கம் என்று உனக்குத் தெரியுமா?

முந்தல் பஸ்சுக்குப் போகிறேன். ஜீப்பு இறங்கி வருகிற வழியில் நிற்கப் போகிறேன். அவள் வீட்டு வாசலில் இன்று பேச்சு பெரிதாக இருக்கும், அவள் மாமியாரிடம் அதே வார்த்தையை அவள் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். அப்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவள் சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்க வேண்டும். உன்னிடமிருந்து எனக்கு உருப்படியாக வந்தது அந்த ஒன்றுதான், வாசலில் போய் நிற்பது. நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே போய் நிற்கிறேன்.